சிலிண்டர் வருகிற கதவு

ஆம்புலன்ஸ் மேஜைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். அதன் இடது கை ஆடும். சரிசெய்துவிடாதீர்கள், யோசிக்கும்போது ஆட்டிக்கொண்டிருக்க வசதியாக இருக்கும். பணி ஓய்வு விழாவில் என்னைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகப் பேசினார்கள். அதையும் நம்பிவிடாதீர்கள். ஒருவன் கழுத்தில் மாலை விழுந்த பிறகு அவனைப் பற்றி யாரும் உண்மை பேசுவதில்லை. புதியவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று தலைமை நர்ஸ் கேட்டதால் எழுதுகிறேன். "சுருக்கமா எழுதுங்கண்ணே" என்றும் சொன்னார். என்னைப் பார்த்த நாளிலிருந்து அவர் சொல்லிவருவது அது ஒன்றைத்தான்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் துரத்திவிட, ஓடி வந்து விழுந்த இடம் இது. எனக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவரிடம் நாலு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. எங்கிருந்து வாரீக, யார் வீட்டுப் பிள்ளை, முகம் ஏன் வாடியிருக்கு, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இருக்கா. மானகிரியில் எங்கள் தெருவில், என்னைக் கண்டதும் சைக்கிளை வேகமாக மிதிப்பவர்கள் இருந்தார்கள். அவர்களையும் "என்ன இம்புட்டு அவசரம்?" என்று கேட்டுத்தான் அனுப்புவேன்.

முதல் வேலை காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை. கல்யாணப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்தது. காலையிலிருந்து புரட்டிப் பார்த்து, அரக்கு நிறத்தில் ஒன்று எல்லோருக்கும் பிடித்துப்போய், பில் போடச் சொல்லிவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு மடித்துக் கொடுத்திருக்கலாம். "மாப்பிள்ளையோட அம்மாவுக்கு இந்தக் கலர் பிடிக்குமா?" என்று கேட்டேன். அக்கறையாகத்தான் கேட்டேன். "அதானே, அவுகளை ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றார் பெண்ணின் அத்தை. "எடுக்கிறது நாங்க, அவுகளை என்னத்துக்குக் கேக்கணும்?" என்றார் பெண்ணின் அம்மா. அதற்குப் பிறகு புடவைகளுக்குப் பதிலாகப் பழைய மனத்தாங்கல்கள் ஒவ்வொன்றாகப் பாயில் விரிந்தன. எல்லோரும் எழுந்து போனதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ துணி விக்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியா?" என்றார்.

அடுத்தது ஆத்தங்குடி. தரைக்குப் போடும் பூப்போட்ட கற்கள் செய்யும் பட்டறையில், வருகிறவர்களிடம் பேசி விற்க வேண்டும். பேசுவதற்கே சம்பளமா என்று குதித்தேன். வெளியூரிலிருந்து ஒரு தம்பதி காரில் வந்து இறங்கி, வீடு முழுக்க இந்தக் கல்தான் என்று நின்றார்கள். நான், வீட்டில் எத்தனை பேர், யார் துடைப்பது, வேலைக்குப் போகிற நீங்கள் தினமும் எப்படித் துடைப்பீர்கள், துடைக்காவிட்டால் இந்த மினுமினுப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். அந்த அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். கடைசியில் பூஜையறைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பட்டறைக்காரர் நன்றி சொல்லவில்லை.

இடையில் ஒரு பழைய பங்களாவை ஓட்டலாக்கியிருந்த இடத்தில், விருந்தாளிகளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும் வேலையும் பார்த்தேன். அவர்களுக்கு வீட்டைக் காட்டியதைவிட அவர்கள் வீட்டு விஷயங்களை நான் கேட்டதுதான் அதிகம். ஒரு பெரியவர் தன் மகளோடு ஏன் பேசுவதில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ரயில் காரைக்குடியைத் தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொரு வேலையிலிருந்தும் என்ன பாடம் கற்றாய் என்று கேட்பீர்கள். ஒன்றும் கற்கவில்லை. அடுத்த வேலையைத் தேடினேன், அவ்வளவுதான்.

அப்புறம் கேஸ் ஏஜென்சி. வண்டியில் போய் வீடு வீடாகச் சிலிண்டர் இறக்குவது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் வெளியூர். நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குத் தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீண்டுகொண்டே போய், பின்வாசல் அடுத்த தெருவில் போய் முடியும். விலாசம், பெயர்ப்பலகை, தேக்குக் கதவு, பெருமை எல்லாம் தலைவாசலில். சோறு பொங்குவது பின்னால். சொந்தக்காரர்கள் நாலு தேசத்தில் இருப்பார்கள், கல்யாணம் காட்சிக்குத்தான் தலைவாசல் திறக்கும். சிலிண்டர் தூக்குகிறவனுக்குத் தலைவாசலோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆகையால் இந்த ஊரில் எல்லோரும் முன்பக்கத்தைப் பார்த்து வியந்துகொண்டிருந்த காலத்தில், நான் பின்பக்கம் முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அது ஒரு படிப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதில் ஒரு வீட்டை மட்டும் மறக்கவே முடியாது. மாவு மில்லுக்கு எதிரே, பின்வாசலில் கீழ்ப்படி உடைந்திருக்கும். அந்தப் படியில் சிலிண்டர் நழுவி என் வலது கால் பெருவிரலில் உட்கார்ந்தது. நகம் போய்விட்டது. புது நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது.

அந்த வேலையும் வாயால்தான் போயிற்று. ஒவ்வோர் அடுப்படியிலும் நின்று என்ன குழம்பு, மருமகள் எங்கே காணோம் என்று விசாரித்ததில், தெருவின் கடைசி வீட்டுக்குச் சிலிண்டர் சேரும்போது அவர்கள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வேலை போன அன்று என் மனைவி அழவில்லை. அவள் கல்லல் ஊர்க்காரி, லேசில் அழ மாட்டாள். "உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். இனி எங்கிட்டு வேலைக்குப் போனாலும் இந்த வாயை வீட்டுல வச்சுப் பூட்டிட்டுப் போங்க. பிள்ளைக படிக்கணும்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் வேடிக்கையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது வேடிக்கையாக இல்லை.

இந்த மருத்துவமனையில் முதலில் வாசலில் வண்டி ஒழுங்குபடுத்தும் வேலைதான் கிடைத்தது. பிறகு போன் எடுக்கிறவர் வெளிநாடு போய்விட, அவசரத்துக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தலைமை நர்ஸ் என்னைவிட வயதில் மிகவும் இளையவர். என் புகழ் அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. "அண்ணே, மூணே கேள்வி. பேரு என்ன, எந்த இடம், என்ன செய்யுது. கேட்டீகளா, போனை வச்சுடணும். லைன் அடைச்சுக்கிட்டா அடுத்த ஆள் சாவான். ஒரு மாசம் பாப்பேன்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த மாசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாக்கு உள்ளேயே துடிக்கும். மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டு, மிச்சக் கேள்விகளைச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வேன். ஆனாலும் வாயைப் பூட்டியேவிட்டேன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த மாசத்துக்குள்தான் ஒரு மத்தியானம் அந்த அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண். சென்னையிலேயே வளர்ந்தவர் என்று பேச்சில் தெரிந்தது. "எங்கப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. வலது கை தூக்க வரல. பேசவும் வரல" என்றார். பக்கவாதம். மூளைக்குப் போகிற ரத்தம் அடைபட்டிருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் டாக்டர் கைக்கு வருகிறாரோ அவ்வளவு மிஞ்சும். இடம் கேட்டேன். வீட்டை அடையாளம் சொல்ல வைத்திருக்கும் குடும்ப முதலெழுத்துகளையும் தெருவையும் சொன்னார். ஊருக்கே தெரிந்த வீடு. "வண்டி வருது ஆச்சி" என்று சொல்லிப் போனை வைத்தேன். செட்டியார் வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்பதுதான் நம் வழக்கம். மூன்று கேள்வி, சுத்தமாக முடித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ்கூட மெச்சிக்கொள்வதுபோலப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் டிரைவரிடமிருந்து அழைப்பு. ஆள் புதிது, திருப்பத்தூர்ப் பக்கம். "அண்ணே, தலைவாசல்ல பெரிய பூட்டுத் தொங்குது. தட்டுறேன், கூப்பிடுறேன், ஒரு சத்தமும் இல்ல. வீடு மாறிப்போச்சா?"

பெரிய வீடுகளில் தலைவாசல் திறக்காது என்பது, ஊரில் உள்ள அத்தனை பின்வாசலையும் மிதித்த எனக்குத் தெரியாதா? வாயை அடக்குகிற மும்முரத்தில் மூளையையும் சேர்த்துப் பூட்டிவைத்திருந்தேன். டிரைவர் பேசிக்கொண்டிருந்த இணைப்பைத் தலைமை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் திரும்ப அழைத்தேன்.

"சைரன் சத்தம் கேக்குதே, ஏன் உள்ள வரல?" என்று கத்தினார்.

"தலைவாசல் பூட்டியிருக்கு ஆச்சி."

"அந்தச் சாவி எங்ககிட்ட இல்ல. பெரியப்பாகிட்ட இருக்கு. அவர் மலேசியாவுல இருக்கார். நாங்க பின்பக்கமாத்தான் வர்றோம்."

"பின்வாசல்ல வந்து தெருவுல நில்லுங்க. வண்டி அங்குட்டு வந்துரும்."

"அப்பா வாந்தி எடுக்கிறார். ஒருக்களிச்சுப் பிடிச்சிட்டிருக்கேன். கையை எடுத்தா மல்லாந்துடுறார். நான் எப்படி விட்டுட்டு வர்றது?"

அவர் சொன்னது சரி. விட்டால் மூச்சு அடைத்துவிடும். "பிடிச்ச பிடியை விடாதீக. குடிக்க ஒண்ணும் கொடுக்காதீக. பின்கதவு பூட்டியிருக்கா?" என்றேன்.

"இல்ல, சும்மா சாத்தியிருக்கு."

"அந்தக் கதவு எப்படி இருக்கும்? பக்கத்துல என்ன இருக்கு?"

"தெரியலங்க. மூணு நாளைக்கு முன்னாடி ராத்திரியில வந்தோம், அப்பாதான் வழி சொன்னார். நான் வெளியவே போகல. எல்லாம் அப்பாவுக்குத்தான் தெரியும். அவர்தான் பேச மாட்டேங்கிறாரே!"

பின்தெரு எது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் எந்தக் கதவு என்பதுதான் தெரியாது. எந்தத் தலைவாசலுக்கு எது பின்வாசல் என்று நான் பொருத்திப் பார்த்ததே இல்லையே. அங்கே வரிசையாக ஒரே மாதிரி உயரச் சுவர், ஒரே மாதிரி கதவு, எண் எதுவும் இருக்காது. மத்தியான வெயிலில் கேட்பதற்கு ஆளும் இருக்காது. ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்க அந்தப் பெரியவருக்கு நேரம் இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்து ஆட்டினேன். அப்போதுதான் அந்தக் கேள்வி தானாக வாயில் வந்தது.

"ஆச்சி, சிலிண்டர் எந்தக் கதவுல வந்துச்சு?"

"என்னது?"

"கேஸ் சிலிண்டர்."

"எங்கப்பா இங்க இப்படிக் கிடக்கார், நீங்க கேஸைப் பத்திக் கேக்குறீங்களா? உங்களுக்கு அறிவு இருக்கா?"

தலைமை நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். கழுத்தை அறுப்பதுபோல விரலைக் காட்டி, போனை வை என்றார். அவர் பார்வையில், பழைய வியாதி முற்றிவிட்டது. என் கண்ணுக்கு முன்னால் மனைவி கும்பிட்ட கை வந்து நின்றது. வைத்துவிட்டால் வேலை தங்கும். நான் வைக்கவில்லை.

"திட்டுங்க ஆச்சி, அப்புறமாத் திட்டுங்க. சிலிண்டர் போட்டாகளா?"

"நேத்து ஒருத்தர் கொண்டு வந்தார். பின்கதவுலதான்."

"அப்ப யாரு என்ன பேசுனீக?"

"என்ன பேசினோம்... படி உடைஞ்சிருக்கு, பாத்துத் தூக்குப்பான்னு அப்பா சொன்னார்."

"எந்தப் படி?"

"கீழ்ப்படின்னு சொன்னார்."

என் கால் பெருவிரல் சுரீர் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன். "காலையில மிளகாய் நெடி வருமா?" என்று கேட்டேன்.

"ஆமா! அப்பா தும்மிட்டே இருப்பார். எதிர்ல ஏதோ மில் ஓடுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் நர்ஸ் பக்கம் திரும்பினேன். "பின்தெரு, மாவு மில்லுக்கு நேர் எதிரே, கீழ்ப்படி உடைஞ்ச வாசல். தள்ளினாத் திறக்கும்!" அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கழுத்தறுத்த விரலை இறக்கிவிட்டு, நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் டிரைவருக்குச் சொன்னார். "படியைப் பாத்துக் கால வைங்க" என்பதை அவராகவே சேர்த்துக்கொண்டார்.

"வச்சுடாதீங்க" என்றது அந்தப் பெண்ணின் குரல். இப்போது அது கத்தவில்லை, நடுங்கியது. போனை வைத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. அடுத்த அழைப்புகளைப் பக்கத்து இணைப்புக்குத் திருப்பிவிட்டு, போனை அப்பாவின் காதில் வைக்கச் சொன்னேன். "ஐயா, பயப்படாதீக. வண்டி வந்துருச்சு. சிலிண்டர் வார கதவுல வாராக. சிலிண்டர் வார கதவுல" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு மகளிடம் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். வத்தக்குழம்பு என்று சொல்லிவிட்டு, "ஐயோ, அடுப்பு எரியுது!" என்று அலறினார். அந்த நேரத்தில் கதவு திறக்கும் சத்தமும் காலடிச் சத்தமும் போனில் கேட்டன. டிரைவர் பெரியவரை ஏற்றிவிட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு வந்தார். குழம்பு கரியாகிவிட்டதாம்.

நேரத்துக்கு வந்துவிட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாற்காலியின் கையை விட்டேன். தலைமை நர்ஸ் என் மேஜைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அண்ணே, பேசுறது வேற, கேக்குறது வேற. நீங்க இம்புட்டு நாளா கேக்குறதா நினைச்சுப் பேசிக்கிட்டு இருந்தீக. இன்னைக்குத்தான் கேட்டீக" என்றார். பாராட்டா திட்டா என்று புரியாமல் டீ குடிக்கப் போய்விட்டேன். டீ ஆறிய பிறகு யோசித்தால், அவர் சொன்னது சரிதான். ஜவுளிக்கடையில் நான் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தேவைப்படவில்லை. இந்தக் கேள்விக்குத் தேவைப்பட்டது.

இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய ஆளாக நினைத்துவிடாதீர்கள். அதற்கடுத்த வாரமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. கல்லல் பக்கத்திலிருந்து ஒருவர், பாம்பு கடித்துவிட்டது என்று பதறிக்கொண்டு கூப்பிட்டார். நான் ஞானி மாதிரிக் குரலைத் தாழ்த்தி, "பதறாதீக. சிலிண்டர் எந்தக் கதவுல வருது?" என்றேன். "யோவ், நான் வரப்புல நிக்கிறேன்யா!" என்றார். அவர் பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு என்னை எங்கே பார்த்தாலும், "வரப்புக்குக் கதவு வச்சாச்சா?" என்று கேட்பார். ஆகவே நான் கேட்ட கேள்வியை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்று தேடுங்கள். பயத்தில் இருக்கிறவருக்குத் தெரு பெயர் மறந்துபோகும், நேற்று வந்த சிலிண்டர் மறக்காது. இப்போது கூப்பிடுகிறவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைப் போனிலேயே உங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் பெரிய வீடுகளில் அந்தச் சிவப்புப் புள்ளி பெரும்பாலும் வளவுக்கு நடுவில் போய்க் குத்தி நிற்கும். அங்கே வண்டி போகாது.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பெரியவர் வீடு திரும்பிச் சில மாதங்கள் கழிந்திருக்கும். அவசர எண்ணில் அதே பெண் கூப்பிட்டார். நான் பதறிப்போய், "மறுபடியும் என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல, இந்த நம்பர்தான் என்கிட்ட இருந்துச்சு. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி நடக்குது. இன்னைக்குத்தான் முதல் வார்த்தை முழுசா வந்துச்சு. நீங்க கேக்கணும்" என்றார். சொந்தப் பேச்சு அந்த எண்ணில் கூடாது. தலைமை நர்ஸ் எதிரில்தான் நின்றார். அடுத்த அழைப்புகளை அவரே பக்கத்து இணைப்புக்குத் திருப்பிவிட்டார். போனில் ஒரு கனமான மூச்சு கேட்டது. அப்புறம் ஒவ்வோர் எழுத்தாக இழுத்துக்கொண்டு அந்தக் குரல் வந்தது.

"சி... லி... ண்டர்."

அவர் மகள் சிரித்தார், அழுதார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கவும் எதுவும் இல்லை. நர்ஸ் என் கையிலிருந்து போனை வாங்கி, அவர்களுக்கு நன்றி சொல்லி வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன, உம்முன்னு இருக்கீக? இந்த வேலையும் போச்சா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப வாயத் தொறந்து ஏதாச்சும் கேளுங்க. எனக்குப் பயமா இருக்கு."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.